கெமிஸ்தம் தந்த வைத்தியர்: சாமுவேல் பிஸ்க் கிறீன்

மாணவர்களே, காபனீரொட்சைட்டு என்ற சொல்லைப் பல வருடங்களாக எழுதி வருகிறீர்கள். ஒரு தடவை அதை மெல்லப் பிரித்துப் பாருங்கள். காபன், ஈர், ஒட்சைட்டு. ஒரு காபன் அணு, இரண்டு ஒட்சிசன் அணுக்கள். பெயரைக் கேட்டவுடனேயே சூத்திரத்தை எழுதிவிடலாம். சீஓ2 என்று தனியாக மனனஞ் செய்யத் தேவையில்லை. இப்படி உள்ளே இருப்பதைச் சொல்லும் பெயர்கள் தமிழுக்குத் தாமாக வந்துவிடவில்லை. ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாகப் பலர் உழைத்ததன் பலன் அது. அவர்களுள் முன்வரிசையில் நிற்பவர், யாழ்ப்பாணத்து மானிப்பாயில் இருந்து பணியாற்றிய ஓர் அமெரிக்க வைத்தியர்.

இக்கையேட்டின் விஞ்ஞான அலகுகளை வேறோர் ஆசிரியர் எழுதியுள்ளார். என்னுடைய பாடங்கள் தமிழும் வரலாறும். ஆனாலும் சூத்திரமும் பெயரீடும் வரும் இடத்தில் தமிழ் ஆசிரியருக்கும் சொல்ல ஏதோ இருக்கிறது என்பதால் இப்பகுதி இங்கே சேர்க்கப்பட்டுள்ளது.

சாமுவேல் பிஸ்க் கிறீன் 1822 ஆம் ஆண்டு ஒக்டோபர் 10 ஆந் திகதி, அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் மாநிலத்திலுள்ள வூஸ்டர் நகரிற் பிறந்தார். பெரிய குடும்பம். அவருடைய சகோதரர் அன்ட்ரூ கிறீன் நியூயோர்க் நகரத்தின் வளர்ச்சியில் முக்கிய இடம் பெற்றவர். சாமுவேல் கிறீன் நியூயோர்க்கில் மருத்துவம் கற்று 1845 இல் பட்டம் பெற்றார். அந்த நகரத்திலேயே தங்கியிருந்தால் வசதியாக வாழ்ந்திருக்கலாம். ஆனால் அமெரிக்க மிசனைச் சேர்ந்து 1847 இல் கப்பலேறி யாழ்ப்பாணம் வந்தார். அப்போது அவருக்கு 25 வயது. முதலில் வட்டுக்கோட்டை, அடுத்து 1848 இலிருந்து மானிப்பாய்.

மானிப்பாயில் நோயாளரைப் பார்த்தபடியே இளைஞர்களுக்கு மருத்துவமும் கற்பித்தார். தொடக்கத்தில் பாடம் ஆங்கிலத்திலேயே நடந்தது. ஆனால் அவர் தமிழைக் கற்றுக்கொண்டு, வந்து சில வருடங்களிலேயே நூலாக்கத்தைத் தொடங்கினார். உடலமைப்பு, உடற்றொழில், சுகாதாரம் பற்றிய கற்றர் என்பவரின் நூல் 1852 இல் தமிழில் வந்தது. பிரசவ வைத்தியம் 1857 இல் வந்தது. அதன் பின் தாயகம் திரும்பி, 1862 இல் திருமணஞ் செய்து, மனைவியுடன் மீண்டும் மானிப்பாய்க்கு வந்தார்.

இந்த இரண்டாம் வருகையிற்றான் நம் கதையின் முக்கியமான பகுதி இருக்கிறது. கிறீன் ஒன்றைக் கவனித்திருந்தார். ஆங்கிலத்தில் மருத்துவம் படித்து வெளியேறியவர்கள் கிராமங்களில் தங்கவில்லை. அரசாங்க உத்தியோகமும் பட்டணமும் அவர்களை இழுத்துக்கொண்டன. கிராமத்து நோயாளிக்கோ, தன் மொழியில் நோயை விளக்கிச் சொல்லும் வைத்தியர் வேண்டும். ஆகவே 1864 இலிருந்து தமிழிலேயே மருத்துவங் கற்பிப்பது என்று முடிவு செய்தார்.

இதை எல்லோரும் வரவேற்றிருப்பார்கள் என்று நினைக்க வேண்டாம். மாணவர்களே எதிர்த்தார்கள். ஆங்கிலம் இல்லாவிட்டால் உத்தியோகம் கிடைக்காது என்பது அவர்களுடைய கவலை. அந்தக் கவலையில் நியாயம் இல்லாமலும் இல்லை. இன்றைக்கும் கண்டியிலோ கம்பளையிலோ அக்குறணையிலோ ஒரு தனியார் வகுப்பில் இதே கேள்வி எழுகிறது: தமிழ்மொழி மூலம் விஞ்ஞானம் படித்து உயர்தரமும் முடித்தால், பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் தானே, பிறகு இதனால் என்ன பயன்? கிறீன் தம் மாணவர்களின் கேள்வியைத் தட்டிக்கழிக்கவில்லை. உத்தியோகத்துக்கு ஆள் தயார்படுத்துவது தம் நோக்கம் அல்ல, ஊருக்கு வைத்தியர் தேவை என்பதே அவர் நிலைப்பாடு. மாணவர்கள் ஐரோப்பிய உடைக்கு மாறுவதைக் கூட அவர் விரும்பவில்லை. வகுப்புத் தமிழில் நடந்தது. அவரிடம் பயின்று வைத்தியரானோர் அறுபதுக்கும் மேற்பட்டோர் என்பர். அவர்களுள் முப்பதுக்கு மேற்பட்டோர் தமிழிற் கற்றவர்கள்.

கற்பிக்க நூல் வேண்டுமே. 1867 இல் இரண வைத்தியம் வந்தது. (வருடத்தை நினைவில் வைக்க ஒரு வழி: கொழும்பிலிருந்து கண்டிக்குப் புகையிரதம் வந்ததும் இதே 1867 இல்; லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிட்டதும் இதே வருடத்தில்.) 1872 இல் மனுஷ அங்காதிபாதமும் வைத்தியாகரமும் வந்தன. நூலுக்கு நூல் அவருடைய தமிழ் மாணவர்கள் மொழிபெயர்ப்பில் ஈடுபட்டனர். கிறீன் ஒப்புநோக்கித் திருத்தினார். எல்லாமாக நான்காயிரத்துக்கும் மேற்பட்ட பக்கங்கள்.

கலைச்சொல்லுக்கு அவர் பின்பற்றிய முறை எளிமையானது. முதலில் தமிழில் ஏற்கெனவே சொல் இருக்கிறதா என்று பார்த்தார். இல்லையென்றால் வடமொழியில் தேடினார். அங்கும் பொருத்தமான சொல் கிடைக்காவிட்டால் ஆங்கிலச் சொல்லையே தமிழ் ஓசைக்கு மாற்றி எடுத்துக்கொண்டார். மேலே சொன்ன நூற்பெயர்களைப் பாருங்கள். பிரசவம், இரணம், வைத்தியம், அங்காதிபாதம் யாவும் பழைய சொற்கள். உடம்பைப் பற்றியும் நோயைப் பற்றியும் பேசத் தமிழருக்கு நெடுங்காலப் பழக்கம் இருந்தது. ஆனால் வெல்ஸ் என்பவரின் இரசாயன நூல் 1875 இல் தமிழில் வெளிவந்தபோது அதற்கு இடப்பட்ட பெயர் கெமிஸ்தம். ஆங்கிலப் பெயரே தமிழ் உடை உடுத்து நின்றது. அந்தத் தலைப்பே ஒரு செய்தி சொல்கிறது: இந்தத் துறை புதியது.

ஏன் புதியது? நம் நாட்டு வைத்தியருக்கு இரசாயனப் பொருள்கள் தெரியாதா? நன்றாகவே தெரியும். மயில்துத்தம், அன்னபேதி, நவச்சாரம், வெடியுப்பு ஆகிய பெயர்களை உங்கள் பாட்டிமாரிடம் கேட்டிருப்பீர்கள். நாட்டு மருந்துக் கடைகளில் இன்றும் கேட்கலாம். ஆனால் இப்பெயர்கள் எதைச் சொல்கின்றன? மயில்துத்தம் நிறத்தைச் சொல்கிறது. வெடியுப்பு பயனைச் சொல்கிறது. எதுவும் உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லவில்லை. மயில்துத்தத்தின் இரசாயனப் பெயர் செப்புச் சல்பேற்று. அன்னபேதி பெரசுச் சல்பேற்று. பழைய பெயர்களில் இவ்விரண்டுக்கும் ஒரு சம்பந்தமும் தெரியாது. புதிய பெயர்களில் இரண்டும் சல்பேற்றுக்கள் என்பது கண்முன்னே நிற்கிறது. நவச்சாரம் அமோனியங் குளோரைட்டு, வெடியுப்பு பொற்றாசியம் நைத்திரேற்று என்பவற்றையும் இப்படியே ஒப்பிட்டுப் பாருங்கள்.

இது தமிழுக்கு மட்டும் இருந்த குறை அல்ல. ஐரோப்பியரும் பொருளின் தோற்றத்தையும் பிறந்த இடத்தையும் வைத்தே பெயரிட்டு வந்தார்கள். 1787 இல் பிரான்சில் லவோசியேயும் அவருடைய தோழர் மூவரும் சேர்ந்து, ஒரு சேர்வையின் பெயர் அதிலுள்ள மூலகங்களைச் சொல்ல வேண்டும் என்ற முறையை வெளியிட்டனர். இன்று நீங்கள் எழுதும் ஐற்று, ஏற்று என்ற ஈறுகள் அந்த முறையின் வழிவந்தவையே. அடுத்து, சுவீடன் நாட்டு பேர்சிலியசு 1813 அளவில் மூலகங்களுக்கு இலத்தீன் பெயரின் முதலெழுத்தைக் குறியீடாக்கினார். சோடியத்துக்கு எஸ் என்று வராமல் என்ஏ என்று ஏன் வருகிறது என மாணவர் பலர் கேட்பதுண்டு. இலத்தீனில் அதன் பெயர் நாத்திரியம், அதனால்தான். இரும்பு பெரம் என்பதால் எப்ஈ, பொற்றாசியம் காலியம் என்பதால் கே. அணுக்களின் எண்ணிக்கையைக் குறியீட்டின் மேலே எழுதினார் பேர்சிலியசு. கீழே எழுதும் வழக்கம் பின்னர் வந்தது.

அப்படியும் குழப்பம் தீரவில்லை. கிறீன் மருத்துவம் படித்த காலத்தில் பல நூல்களில் நீரின் சூத்திரம் எச்ஓ என்றே இருந்தது. நீங்கள் இன்று அப்படி எழுதினால் புள்ளி இல்லை! நீரில் ஐதரசனின் திணிவு ஒரு பங்கென்றால் ஒட்சிசனின் திணிவு எட்டுப் பங்கு. இது அளந்து கண்டது, எல்லோரும் ஒப்புக்கொண்டது. ஆனால் ஒட்சிசன் அணுவின் திணிவு 8 என்று கொண்டால் சூத்திரம் எச்ஓ, 16 என்று கொண்டால் எச்2ஓ. எது சரி? 1860 இல் ஜேர்மனியின் காள்சுரூ நகரிற் பல நாட்டு இரசாயனவியலாளர் கூடி வாதித்தனர். இத்தாலியரான கனிசாரோவின் விளக்கமே பின்னர் ஏற்கப்பட்டு, எச்2ஓ நிலைபெற்றது. சூத்திரம் என்பது யாரோ விரும்பி வைத்த அடையாளம் அன்று; அளவீட்டினாற் கண்டுபிடிக்கப்பட்டது. பெயரை ஊருக்கு ஊர் மாற்றலாம், சூத்திரத்தை மாற்ற முடியாது.

கிறீன் 1873 இல் உடல்நலங் குன்றி அமெரிக்கா திரும்பினார். ஆகவே கெமிஸ்தம் வெளிவந்தபோது அவர் மானிப்பாயில் இல்லை. ஆனாலும் வூஸ்டரில் இருந்தபடியே தமிழ் நூற்பணியைத் தொடர்ந்தார். மனுஷ சுகரணம் 1883 இல் வந்தது. 1884 மே 28 ஆந் திகதி காலமானார். இந்து பதார்த்த சாரம் அவர் மறைந்த பின் 1888 இல் வெளியாயிற்று. தாம் தமிழருக்கு மருத்துவப் பணி செய்த நற்செய்தியாளர் என்பதைக் கல்லறைக் கல்லிற் பொறிக்க வேண்டும் என்று விரும்பினார், அவ்வாறே பொறிக்கப்பட்டது. மானிப்பாயில் அவர் பெயராலான கிறீன் ஞாபகார்த்த வைத்தியசாலை இருக்கிறது.

அவர் விட்ட இடத்திலிருந்து பிறர் தொடர்ந்தனர். அவர்களுள் ஒருவரை நீங்கள் தமிழ்ப் பாடத்தில் அறிவீர்கள்: சுவாமி விபுலானந்தர். யாழ்நூல் தந்தவர் என்றே அவரைப் படித்திருப்பீர்கள். ஆனால் அவர் விஞ்ஞான ஆசிரியராயிருந்தவர். 1920 இல் இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டம் பெற்றவர். அவ்வருடம் அதிபராகப் பொறுப்பேற்றதும் அதே மானிப்பாயில், இந்துக் கல்லூரியில். 1936 இல் சென்னையில் நடந்த கலைச்சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார். பின்னர் 1950 களின் பிற்பகுதியிலிருந்து இலங்கை அரசகரும மொழித் திணைக்களம் பாடவாரியாகச் சொற்றொகுதிகளை வெளியிட்டது. உங்கள் பாடநூலின் தமிழ் அந்த வழியில் வந்தது.

தமிழ்நாட்டில் வேறு வழி பிடித்தார்கள். அங்கே ஹைட்ரஜன், ஆக்சிஜன், கார்பன் டை ஆக்சைடு. இங்கே ஐதரசன், ஒட்சிசன், காபனீரொட்சைட்டு. இப்போது கைத்தொலைபேசியில் இந்தியத் தமிழ்க் காணொளி பார்த்துப் படிப்பவர்கள் பலர். பார்ப்பதில் தவறில்லை. விடைத்தாளில் மட்டும் நம் பாடநூற் சொற்களையே எழுதுங்கள். என்னைக் கேட்டால், எண்ணிக்கையைத் தமிழ் எண்ணாலேயே சொன்ன நம் முறையே அழகு. ஏன் என்று சொல்கிறேன்.

நன்னூற் புணர்ச்சியை எதற்குப் படிக்கிறோம் என்று சலித்துக்கொள்பவர்கள் இந்த இடத்தைக் கவனிக்கவும். இரண்டு என்ற எண், உயிரெழுத்துக்கு முன் ஈர் ஆகும், மெய்க்கு முன் இரு ஆகும். ஆகவே ஈரொட்சைட்டு, ஆனால் இருகுளோரைட்டு. ஒன்று அவ்வாறே ஓர் என நீளும்: காபன் + ஓர் + ஒட்சைட்டு, காபனோரொட்சைட்டு. மூவேந்தர் என்கிறோம், முக்கனி என்கிறோம். அதே விதிப்படி மூவொட்சைட்டு, முக்குளோரைட்டு. நால் என்பதன் முன் காலி வந்தால் நாற்காலி. குளோரைட்டு வந்தால் நாற்குளோரைட்டு. ஐங்கரன் போல ஐங்குளோரைட்டு. கந்தகம் + ஈரொட்சைட்டு என்பதில் மகர ஈறு கெட்டு, வகர உடம்படுமெய் தோன்றி, கந்தகவீரொட்சைட்டு. (சல்பர் என்று எழுதும் நூல்களில் சல்பரீரொட்சைட்டு.) மனனஞ் செய்யாமல் இவ்விதிகளாற் பெயரைக் கட்டவும் பிரிக்கவும் பழகினால், பெயரிலிருந்து சூத்திரத்துக்கும் சூத்திரத்திலிருந்து பெயருக்கும் எளிதாகப் போய் வரலாம்.

ஆனால் இந்த எண் எல்லாச் சேர்வைக்கும் வராது. இங்கேதான் பலர் புள்ளி இழக்கிறார்கள். அல்லுலோகங்கள் தமக்குள் சேரும்போதே எண் சொல்கிறோம், ஏனெனில் காபனும் ஒட்சிசனும் ஒன்றுக்கு மேற்பட்ட விகிதத்திற் சேரும். உலோகம் சேர்ந்த அயன் சேர்வைகளில் வலுவளவே எண்ணிக்கையைத் தீர்மானித்துவிடும். மகனீசியத்தின் வலுவளவு 2, குளோரினின் வலுவளவு 1. ஒரு மகனீசியத்துக்கு இரண்டு குளோரின் வேண்டும், வேறு வழியில்லை. அதனாற் பெயர் மகனீசியம் குளோரைட்டு. மகனீசியம் இருகுளோரைட்டு என எழுத வேண்டாம். அலுமினியம் 3, ஒட்சிசன் 2. வலுவளவுகளை மாற்றி இட்டால் இரண்டு அலுமினியத்துக்கு மூன்று ஒட்சிசன். பெயர் வெறும் அலுமினியம் ஒட்சைட்டு. இரும்பு போல இரண்டு வலுவளவு காட்டும் உலோகமானால் எது என்று சொல்லியாக வேண்டும். வலுவளவு 2 ஆனால் பெரசு, 3 ஆனால் பெரிக்கு. அல்லது இரும்பு என எழுதி, அடைப்புக்குள் உரோம எண்ணில் அதைக் குறிப்பர்.

ஈற்றெழுத்தையும் பாருங்கள். சல்பைட்டு, சல்பைற்று, சல்பேற்று. முதலாவதில் ஒட்சிசன் கிடையாது, கந்தகம் மட்டுமே. இரண்டாவதில் ஒரு கந்தகத்துடன் மூன்று ஒட்சிசன். மூன்றாவதில் நான்கு. டகரத்துக்கும் றகரத்துக்கும் இடையே மூன்று ஒட்சிசன் அணுக்கள் இருக்கின்றன! எழுத்துப் பிழை என்று நீங்கள் நினைப்பது பரீட்சகருக்கு வேறொரு சேர்வை. நைத்திரைற்றும் நைத்திரேற்றும் இப்படித்தான்: முதலாவதில் இரண்டு ஒட்சிசன், அடுத்ததில் மூன்று.

கண்டியைச் சுற்றியுள்ள தேயிலைத் தோட்டங்களில் இருந்து வருபவர்களுக்குப் பயிற்சி வீட்டு வாசலிலேயே இருக்கிறது. பசளைக் களஞ்சியத்தில் எஸ்.ஏ. என்று அழைக்கப்படுவது அமோனியம் சல்பேற்று. அமோனியம் அயனின் வலுவளவு 1, சல்பேற்றின் வலுவளவு 2. அப்படியானால் ஒரு சல்பேற்றுக்கு எத்தனை அமோனியம்? வெற்றிலைக்குப் பூசும் சுண்ணாம்பு கல்சியம் ஐதரொட்சைட்டு. கல்சியம் 2, ஐதரொட்சைட்டு 1. திகனப் பகுதியிற் கிடைக்கும் தொலமைற்றுக் கல்லை அரைத்து, மண்ணின் அமிலத்தன்மையைக் குறைக்கத் தேயிலைக்கு இடுகிறார்கள். அது கல்சியம் மகனீசியம் காபனேற்று. இரு உலோகங்களின் வலுவளவும் 2, காபனேற்றின் வலுவளவும் 2. ஒரு கல்சியமும் ஒரு மகனீசியமும் இருந்தால் எத்தனை காபனேற்றுக் கூட்டங்கள் வேண்டும்? மூன்றின் சூத்திரங்களையும் எழுதிய பின், அடுத்த பக்கத்திலுள்ள பயிற்சிக்குச் செல்லுங்கள்.